வேடந்தாங்கல் ஒரு நாள் ட்ரிப்: பறவையைப் பார்க்கும் முன்னாடி ஏரியைப் பாருங்க

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் பேச்சைச் சுருக்கியிருக்கிறேன்.)

காலையில கிளம்பி ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடற மாதிரி, சென்னையிலிருந்து ஒரு ட்ரிப் சொல்லுங்கன்னு மெசேஜ் வந்துட்டே இருக்கு. மகாபலிபுரமும் பாண்டிச்சேரியும் நீங்களே போயிருப்பீங்க. அதனால இந்த எபிசோட் வேடந்தாங்கலைப் பத்தி.

வேடந்தாங்கல்னு சொன்னா பொதுவா ரெண்டு பதில் வரும். ஒண்ணு, "ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க, லெமன் சாதம் ஞாபகம் இருக்கு." இன்னொண்ணு, "போனோம் ப்ரோ, ஒண்ணுமே இல்லை. ஏரி காஞ்சு கிடந்தது. கிரிக்கெட் ஆடிட்டு வந்திருக்கலாம்." இந்த ரெண்டாவது பதில்லதான் விஷயமே இருக்கு. ஒரே இடம், ஒரே ஜனவரி மாசம். ஒரு வருஷம் போனவங்க மரம் தெரியாத அளவுக்குப் பறவை பார்த்துட்டு வர்றாங்க. இன்னொரு வருஷம் போனவங்க வெறுங்கையோட வர்றாங்க. ஏன்?

அதைத்தான் இன்னிக்கு விளக்கப் போறேன். அந்தக் காரணம் புரிஞ்சா, எப்போ போகணும், எத்தனை மணிக்குப் போகணும், அங்கே எதைப் பார்க்கணும்ங்கிறது எல்லாம் தானா பிடிபடும்.

முதல்ல, அது ஒரு ஏரி

பேர்லயே இருக்கு. தாங்கல்னா பாசனத்துக்காகத் தண்ணி தேக்கி வைக்கிற சின்ன ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல்னு தினமும் நாம கடந்து போற ஊர்ப் பெயர்கள்ல வர்ற அதே தாங்கல்தான். வேடந்தாங்கல்னா வேடனோட தாங்கல். வேட்டைக்காரன் பேர்ல இருக்கிற ஊர், பறவைகளைக் காப்பாத்துறதுக்குப் பேர்போன ஊராயிடுச்சு.

செங்கல்பட்டு மாவட்டத்துல, மதுராந்தகம் பக்கத்துல இருக்கிற இந்த ஏரியோட பரப்பு சுமார் 30 ஹெக்டேர். 75 ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு பெரிய ஐ.டி. பார்க் அளவுன்னு வெச்சுக்கலாம். ஒரு பக்கம் கரை, கரையில மதகு, மதகுக்கு அந்தப் பக்கம் நெல் வயல். தண்ணி வர்றது வடகிழக்குப் பருவமழையில. அக்டோபர், நவம்பர்ல பெஞ்சா நிறையும். பெய்யலைன்னா நிறையாது. அவ்வளவுதான்.

ஏரிக்குள்ள நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும் இருக்கு. மழை நல்லா பெஞ்சதும் இந்த மரங்களோட அடிப்பகுதி தண்ணியில முங்கிடும். இதுதான் முக்கியமான பாயின்ட். சுத்தித் தண்ணி நிக்கிற மரத்துல கூடு கட்டினா நாய், பூனை, கீரி எதுவும் சுலபமா வர முடியாது. கோட்டைக்கு அகழி வெட்டுறாங்களே, அந்த மாதிரி. தண்ணி இல்லைன்னா அகழி இல்லை. அகழி இல்லைன்னா கூடு இல்லை. காஞ்ச ஏரியைப் பார்த்துட்டு "ஏமாத்திட்டாங்க"ன்னு வந்தவங்களுக்குப் பதில் இதுதான். அங்கே பறவைகளை யாரும் கொண்டுவந்து விடலை. ஏரியில தண்ணி இருந்தா அதுங்களா வரும், இல்லைன்னா வேற இடம் தேடிப் போகும்.

200 வருஷத்துக்கு மேலான ஒரு ஒப்பந்தம்

இப்ப ஒரு கேள்வி. தமிழ்நாட்டுல ஆயிரக்கணக்குல ஏரி இருக்கு. தண்ணியும் மரமும் இருக்கிற ஏரியும் நிறைய இருக்கு. இங்கே மட்டும் ஏன் இவ்வளவு பேர்?

காரணம் ஊர்க்காரங்க. 18-ம் நூற்றாண்டுக் கடைசியில இங்கே பிரிட்டிஷ் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட ஆரம்பிச்சாங்க. ஊர்க்காரங்க நேரா செங்கல்பட்டு கலெக்டர்கிட்ட போய் முறையிட்டாங்க. அப்போ கலெக்டரா இருந்தவர் லயனல் பிளேஸ். 1798 வாக்குல, இந்த ஏரியில பறவைகளைக் காக்கிற உரிமை ஊருக்கு உண்டுன்னு ஒரு கவுல், அதாவது எழுத்துபூர்வமான ஒப்பந்தம் கொடுத்தாங்க. 1858-ல இன்னொரு கலெக்டர் அதை மறுபடி உறுதி செஞ்சார். நாட்டோட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல. அதுக்கு 170 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு கிராமம் தன்னோட ஏரிக்குத் தனியா ஒரு பாதுகாப்பு வாங்கி வெச்சிருந்தது.

ஏன் வாங்கினாங்க? பாசத்தாலயான்னு கேட்டா, பாசமும் இருக்கலாம். ஆனா ஒரு தெளிவான கணக்கும் இருக்கு. பறவைகள் வெளியில வயல்லயும் மத்த ஏரிகள்லயும் மீன், நத்தை, தவளைன்னு சாப்பிட்டுட்டு வந்து இங்கே எச்சம் போடுது. அதுல நைட்ரஜனும் பாஸ்பரசும் இருக்கு. ஆயிரக்கணக்கான பறவைங்க மாசக்கணக்குல போடுற எச்சம் ஏரித் தண்ணியில கலக்குது. அந்தத் தண்ணி மதகு வழியா வயலுக்குப் போகுது. உரம் கலந்த தண்ணி இலவசமா வருது. சுத்துப்பட்டு முழுக்க இருக்கிற சத்தை எடுத்துட்டு வந்து ஒரே ஏரியில சேர்க்கிற வேலையைப் பறவைகள் செய்யுது. அதுக்குப் பதிலா ஊர் அமைதியைக் கொடுக்குது. தீபாவளிக்கு இந்த ஊர்ல பட்டாசு வெடிக்கிறதில்லைன்னு செய்தியில படிச்சிருப்பீங்க. அது இந்த ஒப்பந்தத்தோட தொடர்ச்சிதான்.

ஐ.டி.-ல இருக்கிறவங்களுக்கு: ரெண்டு பக்கமும் லாபம் இருக்கிறதாலதான் இந்த சிஸ்டம் 200 வருஷமா டவுன் ஆகாம ஓடுது.

"வெளிநாட்டுப் பறவைகள்" யாரு?

ஒவ்வொரு சீசனுக்கும் "வேடந்தாங்கலுக்கு வெளிநாட்டுப் பறவைகள் வருகை"ன்னு தலைப்புல செய்தி வரும். அது பாதி உண்மைதான்.

இங்கே ரெண்டு கூட்டம் இருக்கு. முதல் கூட்டம், கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற பறவைகள். நத்தைக்குத்தி நாரை, சங்குவளை நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, கொக்கு வகைகள். மரத்துல நீங்க பார்க்கிற கூட்டத்துல பெரும்பகுதி இதுங்கதான். இதுங்க நம்ம இந்தியத் துணைக்கண்டத்துக்காரங்க. எங்கே தண்ணி இருக்கோ அங்கே போவாங்க, வருவாங்க. பள்ளிக்கரணையில நீங்க பார்க்கிற கூழைக்கடாவும் இதே இனம்தான்.

ரெண்டாவது கூட்டம், உண்மையாவே தொலைதூரத்துலேர்ந்து வர்றவங்க. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, சில உள்ளான் வகைகள். வடக்கு ஆசியா, ஐரோப்பாப் பக்கம் குளிர் தாங்காம இங்கே வந்து சில மாசம் தங்கிட்டுத் திரும்பிப் போயிடுவாங்க. அவங்க இங்கே கூடு கட்டுறதில்லை. குழந்தை பெத்துக்கிறது அங்கே, குளிர்கால விடுமுறை இங்கே.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? தூரத்து விருந்தாளியைத் தேடி வந்துட்டு, வீட்டுக்காரங்களைப் பார்க்காம போயிடுறோம். வேடந்தாங்கலோட விசேஷமே கூடுகள்தான். ஒரு முழுக் குடும்ப வாழ்க்கை உங்க கண்ணு முன்னாடி நடக்கும்.

எப்போ போகணும்

மாசம்: நவம்பர் கடைசியிலேர்ந்து மார்ச் வரைக்கும். டிசம்பர், ஜனவரில கூடு கட்டுறதைப் பார்க்கலாம். ஜனவரி, பிப்ரவரில குஞ்சுகள். ஆனா காலண்டரை மட்டும் நம்பாதீங்க. அந்த வருஷம் அக்டோபர், நவம்பர்ல செங்கல்பட்டுப் பக்கம் மழை எப்படின்னு பாருங்க. மழை ஏமாத்தின வருஷம்னா, கிளம்புறதுக்கு முன்னாடி ஈபேர்ட் தளத்துல வேடந்தாங்கல் பக்கத்தைத் திறந்து, கடந்த வாரம் போனவங்க என்னென்ன பதிவு செஞ்சிருக்காங்கன்னு பார்த்துடுங்க. இலவசம், ரெண்டு நிமிஷ வேலை.

கிழமை: முடிஞ்சா வார நாள். ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கும். காணும் பொங்கல் அன்னைக்குப் பறவையைவிட மனுஷங்கதான் அதிகம் தெரிவோம்.

நேரம்: மத்தியானம் 12 மணிக்குப் போய் இறங்காதீங்க. அந்த நேரத்துல பாதி வீடு காலியா இருக்கும், பெரியவங்க இரை தேடப் போயிருப்பாங்க. காலையில விடிஞ்சதும் போகலாம், இல்லைன்னா மாலை மூன்றரைக்கு மேல. ஒரே ஒரு வாய்ப்புதான்னா நான் மாலையைத்தான் சொல்வேன். சூரியன் இறங்க இறங்க நாலு திசையிலேர்ந்தும் கூட்டம் கூட்டமா திரும்பி வருவாங்க. அதே நேரம் வக்காங்கிற ராத்திரிக் கொக்கு தூக்கம் கலைஞ்சு வேலைக்குக் கிளம்பும். பகல் ஷிஃப்ட் உள்ளே வர, நைட் ஷிஃப்ட் வெளியே போக, சோழிங்கநல்லூர் சிக்னல் மாதிரி இருக்கும். ஹாரன் மட்டும் கிடையாது.

எப்படிப் போகணும், என்ன எடுத்துட்டுப் போகணும்

சென்னையிலிருந்து சுமார் 80 கி.மீ. ஜி.எஸ்.டி. ரோட்டுல தாம்பரம், செங்கல்பட்டு தாண்டி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, படாளம் கூட்ரோட்ல வலது பக்கம் திரும்பணும். அங்கேர்ந்து கிராமத்து ரோடு. கார், பைக் ரெண்டுக்கும் வசதிதான். பஸ், ரயில்னா செங்கல்பட்டு இல்லை மதுராந்தகம் வரைக்கும் போய், அங்கேர்ந்து டவுன் பஸ். திரும்பி வர்ற பஸ் எத்தனை மணிக்குன்னு இறங்கும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க. மாலை ஷிஃப்ட் பார்க்க நின்னுட்டா அது அவசியம் தேவைப்படும்.

படாளத்துல திரும்பினதும் வேகத்தைக் குறைச்சிடுங்க. ரெண்டு பக்கமும் வயல் வரும். அங்கேயே ட்ரிப் ஆரம்பிச்சிடுச்சு. சேத்துல நத்தைக்குத்தி நடந்துட்டிருக்கும். வண்டியை ஓரமா நிறுத்தி, இறங்காம பாருங்க. இந்த வயலை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில இதுக்குத் திரும்பி வருவேன்.

பைனாகுலர் முக்கியம். அதுல 8x42-ன்னு போட்டிருந்தா, 8 மடங்கு பெருசாக் காட்டும், முன்பக்க லென்ஸ் விட்டம் 42 மி.மீ.ன்னு அர்த்தம். புதுசாப் பார்க்கிறவங்களுக்கு 8 மடங்கே போதும். 10, 12-ன்னு போனா கை நடுக்கமும் அத்தனை மடங்கு ஆகும், படம் நிக்காது. முன்பக்க லென்ஸ் பெருசா இருந்தா சாயங்கால வெளிச்சத்துலயும் தெளிவாத் தெரியும். வாங்க வேண்டாம், நண்பர்கள்கிட்ட கடன் கேளுங்க. மத்தபடி தண்ணி, தொப்பி, பளிச்சுன்னு இல்லாத கலர்ல சட்டை. ப்ளூடூத் ஸ்பீக்கர் வீட்டுலயே இருக்கட்டும். ட்ரோன் கூடவே கூடாது. பயந்து பெரியவங்க எழுந்து பறந்தா கூட்டுல முட்டையும் குஞ்சும் வெயில்லயும் காக்காகிட்டயும் மாட்டிக்கும்.

கரையில நின்னு என்ன பார்க்கணும்

கரை மேலேயே நடைபாதை இருக்கு, ஏறிப் பார்க்க ஒரு கோபுரமும் இருக்கு. எல்லாரும் நேரா கோபுரத்துக்கு ஓடி, நாலு போட்டோ எடுத்துட்டு இருபது நிமிஷத்துல கிளம்பிடுவாங்க. அதைச் செய்யாதீங்க. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்க. ஒரே மரம், அரை மணி நேரம். நான் சொல்ற அஞ்சு விஷயத்தைத் தேடுங்க.

ஒண்ணு, நத்தைக்குத்தியோட அலகு. வெள்ளையும் கறுப்புமா இருக்கிற நாரை. அலகை மூடினாலும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கும். நத்தையைப் பிடிச்சு ஓட்டுக்குள்ளேர்ந்து சதையை எடுக்கிறதுக்கு ஏத்த அமைப்பு. குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். அதனால அலகைப் பார்த்தே சின்னவங்களைக் கண்டுபிடிக்கலாம்.

ரெண்டு, சங்குவளை நாரை. மஞ்சள் அலகு, வால் பக்கம் ரோஸ் கலர் இறகு. குஞ்சுங்க அழுக்கு நிறத்துல இருக்கும், அப்பா அம்மா மாதிரியே இருக்காது. வெயில் ஏறும்போது பெரிய நாரை ரெண்டு இறக்கையையும் விரிச்சுக் குஞ்சுங்களுக்குக் குடை பிடிக்கும். சும்மா நிக்குதுன்னு நினைச்சுக் கடந்து போயிடாதீங்க.

மூணு, சத்தம். ஏரி முழுக்க ஒரே இரைச்சலா இருக்கும். ஆனா வளர்ந்த நாரைகள் பெரும்பாலும் வாய் திறந்து கத்துறதில்லை. அலகை டகடகன்னு அடிச்சுத்தான் பேசிக்கும். நீங்க கேட்கிற கூச்சல்ல பெரும்பங்கு "எனக்கு, எனக்கு"ன்னு கேட்கிற குஞ்சுங்களோடது.

நாலு, இறக்கையை விரிச்சு வெயில்ல காயுற பாம்புத்தாராவும் நீர்க்காகமும். மத்த நீர்ப்பறவை மாதிரி இதுங்க இறகுல தண்ணி ஒட்டாம வழியாது, நனையும். நனைஞ்சா முங்குறது சுலபம். விலை, வெளியில வந்து துணி மாதிரி காயணும். தண்ணியில பாம்புத்தாரா நீந்தும்போது கழுத்து மட்டும்தான் வெளியே தெரியும். பேர்க் காரணம் அப்போ புரியும்.

அஞ்சு, மாடிக் கணக்கு. ஒரே மரத்துல பல இனங்கள் வேற வேற உயரத்துல கூடு போட்டிருக்கும். அபார்ட்மென்ட் மாதிரிதான். சண்டை குச்சிக்காக. பக்கத்து வீட்டுக் கூட்டுலேர்ந்து குச்சி திருடுற ஆளை அரை மணி நேரத்துல கட்டாயம் பிடிச்சிடுவீங்க.

நேரம் மிச்சம் இருந்தா, பத்து கி.மீ. தூரத்துக்குள்ள கரிக்கிலி சரணாலயம் இருக்கு. கூட்டம் கம்மி. வாத்து, உள்ளான் பார்க்க நல்ல இடம். திரும்பும் வழியில மதுராந்தகம் ஏரிக்கரையில ஏரிகாத்த ராமர் கோயில். பெருமழையில ஏரி உடையப் போற ராத்திரி, ராமரும் லட்சுமணரும் கரையில நின்னு காவல் காத்ததை ஒரு வெள்ளைக்கார கலெக்டர் பார்த்தார்னு ஊர்ல சொல்வாங்க. அந்தக் கதையில வர்ற கலெக்டர் யாரு தெரியுமா? நம்ம வேடந்தாங்கல் கவுல்ல வந்த அதே லயனல் பிளேஸ். ரெண்டு கதையும் ஏரியைச் சுத்தித்தான். இந்தப் பக்கத்துல ஏரின்னா உயிர்.

ஏரி மட்டும் போதாது

இப்ப அந்த வயலுக்கு வருவோம். மாலையில நாலு திசையிலேர்ந்தும் பறவை வருதுன்னு சொன்னேன் இல்லையா? எங்கேர்ந்து வருது? 30 ஹெக்டேர் ஏரி இத்தனை வாய்க்குச் சோறு போட முடியாது. வேடந்தாங்கல் ஒரு படுக்கையறைதான். சமையலறை வெளியில இருக்கு: சுத்தியிருக்கிற வயல், குட்டை, வாய்க்கால், பல கி.மீ. தூரத்து ஏரிகள். ஏரிக்கு மட்டும் வேலி போட்டு மத்ததை எல்லாம் பிளாட் போட்டா, வீட்டைப் பூட்டி வெச்சுட்டுச் சமையலறையை இடிச்ச கதைதான்.

இதைப் புரிஞ்சுதான் 1998-ல அரசு, ஏரியைச் சுத்தி 5 கி.மீ. வரைக்கும் சரணாலயம்னு அறிவிச்சது. கணக்குப் போட்டுப் பாருங்க. 5 கி.மீ. ஆரம்னா வட்டத்தோட பரப்பு சுமார் 78 சதுர கி.மீ. ஏரி 0.3 சதுர கி.மீ. மொத்தத்துல அரை சதவீதம்கூட இல்லை. நாம டிக்கெட் வாங்கிப் பார்க்கிறது அந்த அரை சதவீதத்தை. மீதி, நாம எண்பதுல வண்டி ஓட்டிட்டு வந்த வழி.

2020-ல இந்த எல்லையைக் குறைச்சு வெளிவட்டத்தை விலக்கலாம்னு ஒரு முன்மொழிவு வந்தது. "ஏரிக்கு ஒண்ணும் ஆகாது, வெளியிலதானே"ங்கிற மாதிரிதான் வாதம். விவசாயிகள், சூழல் ஆர்வலர்கள், மாணவர்கள்னு பலர் எதிர்த்தாங்க. பிறகு அரசு அந்த முன்மொழிவைத் திரும்ப வாங்கிடுச்சு. 2022-ல வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பள்ளிக்கரணையும் ராம்சர் பட்டியல்ல சேர்ந்தது. நல்ல செய்திதான். ஆனா நகரம் தெற்கே நகர்ந்துட்டே இருக்கு. கிளாம்பாக்கத்துல பஸ் நிலையம் வந்தாச்சு, ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க "இங்கேர்ந்து பத்தே நிமிஷம்"னு பிளாட் விளம்பரம். பழவந்தாங்கல்ல ஸ்டேஷன் இருக்கு, தாங்கல் எங்கேன்னு தேடணும். அந்த வரிசையில இந்தத் தாங்கலும் வெறும் பேரா மாறிடுமாங்கிறதை வேலிக்கு வெளியே இருக்கிற நிலம்தான் முடிவு பண்ணும்.

நாம என்ன செய்ய முடியும்? பெருசா ஒண்ணும் சொல்லப் போறதில்லை. போனா, பார்த்த பறவைகளை ஈபேர்ட்ல பதிவு பண்ணுங்க. ஏரியில பார்த்ததை மட்டும் போடாதீங்க. வழியில வயல்ல நின்ன நாரையையும் தனியா ஒரு லிஸ்ட்டாப் போடுங்க. ஏரிக்கரையில ஆயிரம் பேர் எண்ணுறாங்க, வயல்ல யாரும் எண்ணுறதில்லை. இந்த நிலத்தைப் பறவைகள் பயன்படுத்துதான்னு நாளைக்கு யாராவது கேட்டா, உங்க லிஸ்ட்தான் பதில். பொங்கல் நாட்கள்ல தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது, 2015-லேர்ந்து நடக்குது. பதினஞ்சு நிமிஷம் எண்ணினாலே கலந்துக்கலாம், நிபுணரா இருக்கணும்னு இல்லை.

அவ்வளவுதான் மக்களே. இந்த சீசன்ல போயிட்டு வந்தா, குச்சி திருடன் எந்த இனம்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுறேன். சந்திப்போம்.